பட்டனை அமுக்கும் சகலை

அப்பாவுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை கிடைத்ததற்குக் காரணம் மீன்கள்.

அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் செய்யும் கடையில் இருந்தார். அந்த ஸ்டுடியோவில் மூன்று மாதமாக எதைப் பதிவு செய்தாலும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் விழுந்துகொண்டே இருந்தது. ஒயரை மாற்றிப் பார்த்தார்கள். மைக்கை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் முதலாளிக்கு டிரம்ஸ் வாசிப்பவரின் மூக்கின் மேல் சந்தேகம் வந்து, இனி வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவரும் ஒரு வாரம் அப்படியே விட்டார். ரீங்காரம் போகவில்லை.

ரிப்பேரான ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொடுக்கப் போன அப்பா, அறையின் நடுவில் நின்று கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"மாடியில யாரு இருக்காங்க?"

"பல் டாக்டர்," என்றார் முதலாளி.

"அவர் மீன் வளர்க்கிறாரா?"

எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். பல் டாக்டரின் வரவேற்பறையில், கீழே பாடகர்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, தரையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் பக்கத்தில் காற்றுக் குமிழி விடும் மோட்டார். அப்பா தன் செருப்பைக் கழற்றி மோட்டாருக்கு அடியில் வைத்தார். ரீங்காரம் நின்றது. வெறுங்காலோடு கீழே இறங்கி வந்தவரிடம் முதலாளி, "நாளையில இருந்து இங்கேயே வந்துடு தம்பி," என்றார். அன்றைக்கு ஒட்டிய பட்டப்பெயர்தான் 'பாம்புக்காது'.

அந்தக் காதோடு ஒரே வீட்டில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தது நானா அம்மாவா என்று படுக்கையறையில் இருந்தே சொல்லிவிடுவார். பிஸ்கட் டப்பாவின் மூடியை எவ்வளவு மெதுவாகத் திருகினாலும், "ரெண்டோட நிறுத்திக்கோ," என்று குரல் வரும். அம்மா மட்டும் அசர மாட்டாள். "உங்கப்பாவுக்குப் பக்கத்துத் தெருக் குழாய் சொட்டுறது கேக்கும். சமையலறையில இருந்து நான் தேங்கா உடைச்சுக் குடுங்கன்னு கூப்பிட்டா மட்டும் கரண்ட் போயிடும்," என்பாள்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டே அறை. ஒன்றில் பாடுவார்கள், வாசிப்பார்கள். இன்னொன்றில் கருவிகளோடு ஒரு நீளமான மேசை, அதன் முன்னால் ஒலிப்பதிவாளரின் நாற்காலி. நடுவில் கனத்த கண்ணாடி. இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. கேட்க வேண்டுமென்றால் மேசையில் இருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்கிக்கொண்டு பேச வேண்டும்.

அந்த நாற்காலியில் உட்கார அப்பாவுக்கு எட்டு வருடம் ஆனது. அதுவரை மைக் தூக்கினார், ஒயர் சுருட்டினார், கண்ணாடி துடைத்தார். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கவே இல்லை. அது டேப் காலம். பாட்டின் நடுவே பாடகர் 'ஹுக்' என்று மூச்சு இழுத்தால், டேப்பில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டுவார். நறுக்கிய துண்டுகளைக் கீழே போட மனம் வராமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துணி துவைக்கும்போது அம்மா அதையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்து, "இது யாரோட மூச்சுங்க? பெரிய ஆளா இருக்கும்போல, மூணு அங்குலம் இருக்கே," என்று கேட்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் சித்தப்பா வந்து சேர்ந்தார்.

என் சித்தியைக் கட்டியவர். அப்பாவுக்குச் சகலை. அவர் செருப்புக் கடையில் விற்பனையாளர். ஒரு ஜோடி வாங்க வந்தவரிடம் "இது உங்களுக்காகவே செஞ்சது சார். இருந்தாலும் இன்னொன்னு போட்டுப் பாத்துடலாமே," என்று சொல்லியே மூன்று ஜோடியோடு அனுப்பி வைக்கும் ஆள்.

ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு சித்தப்பா ஸ்டுடியோவுக்குப் போனார். உள்ளே அப்போது பெயர்பெற்ற பாடகர் ஒருவர் பதினோராவது தடவையாக ஒரே வரியில் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார். சரணத்தின் உச்சியில் குரல் ஏற மறுத்தது. முதலாளி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்பா பட்டனை அமுக்கி, "சார், பதினோரு தடவையும் ஒரே இடத்துலதான் கீழ போகுது," என்று தனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னார். பாடகர் கண்ணீர் விடும் நிலைக்கு வந்துவிட்டார்.

சித்தப்பா சாப்பாட்டு டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டு நேராக உள்ளே போனார். பாடகரின் காலடியில் குந்தி உட்கார்ந்து, புத்தம் புதிய ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"சார், இது உங்களுக்கு ஒரு சைஸ் கம்மி. சுண்டுவிரல் மடங்கிக் கிடக்கு. அது அங்க அழுதுட்டு இருக்கும்போது நீங்க எப்படி சார் மேல போவீங்க?"

ஷூவைக் கழற்றினார். பாடகர் சாக்ஸோடு நின்று பாடினார். இரண்டாவது தடவையில் வரி வந்துவிட்டது. முதலாளி அன்றைக்கே சித்தப்பாவைச் செருப்புக் கடையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். 'இசைத் தயாரிப்பாளர்' என்று பெயர்ப் பலகையும் எழுதிக் கொடுத்தார்.

"எனக்கு எட்டு வருஷம். இவருக்கு ஒரு சாப்பாட்டு டப்பா," என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். சித்தப்பா டீக்குக்கூடப் பணம் போட்டவரில்லை. அவர் வேலை, பாடுகிறவர்களைப் பாட வைப்பது. எந்தப் பாட்டை எடுக்கலாம், யார் பாடினால் பொருந்தும், எங்கே வயலின் வர வேண்டும், எங்கே எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று பார்ப்பது. யாரிடமும் 'சரியில்லை' என்று சொல்லவே மாட்டார். "பிரமாதம்! அப்படியே ஒன்ஸ்மோர் பாத்துடலாம்," என்பார். இப்படியே இருபத்து மூன்று தடவை பாட வைத்திருக்கிறார். பாடியவர், 'நம்ம பாட்டு இவருக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு' என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். 'ஒன்ஸ்மோர்' என்பதே அவர் பெயராகிப் போனது.

இருபது வருடம் இரண்டு பேரும் அந்த மேசைக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். டேப் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி வயதாகி ஒதுங்கியபோது ஸ்டுடியோவைச் சகலைகள் இருவரிடமும் ஒப்படைத்தார். படிப்பு முடிந்ததும் நான் ஃபோனையும் டைரியையும் கையில் எடுத்துக்கொண்டேன். யார் எப்போது வர வேண்டும் என்பது என் பொறுப்பு. வீடும் ஒரே கட்டிடம்தான். கீழே நாங்கள், மேலே சித்தி குடும்பம். சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. கண்டக்டர் அக்கா வரும்வரை.

தப்பு அவர் மேல் துளியும் கிடையாது. அவர் பஸ் கண்டக்டர். நிறுத்தங்களின் பெயரைக் கத்திச் சொல்வதில் ஒரு மெட்டு வைத்திருந்தார். அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த சித்தப்பா, தான் இறங்க வேண்டிய இடத்தை விட்டு, கடைசி நிறுத்தம் வரை போய், திரும்பியும் அதே பஸ்ஸில் வந்து, "தங்கச்சி, பாடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார் அவர்.

ஆறு பாட்டு எடுத்தார்கள். மூன்றாவது பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. டீக்கடை, முடிவெட்டும் கடை, கல்யாண வீடு, எங்கே போனாலும் அதுதான். பத்திரிகையில் இருந்து ஒரு பெண் பேட்டி எடுக்க வந்தார். சித்தப்பா இரண்டு மணி நேரம் பேசினார். அப்பா அந்த நேரம் முழுக்க உள்ளே ஒரு மைக் ஸ்டாண்டின் கீச்சுச் சத்தத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக அந்தப் பெண், "உங்க சகலை என்ன பண்ணுவார்?" என்று கேட்டார்.

"அவரா? நான் சொல்லும்போது பட்டனை அமுக்குவாரு," என்றார் சித்தப்பா, சிரித்துக்கொண்டே.

பத்திரிகையில் சிரிப்பு அச்சாகவில்லை. பட்டன் மட்டும் அச்சானது. அதுவும் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில்.

அப்பா அதைப் படித்தார். பத்திரிகையை நாலாக மடித்து மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அம்மா அதை எடுத்து, கண்ணாடி இல்லாமல் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிச் சத்தமாக இரண்டு தடவை வாசித்தாள்.

மறுநாள் ஸ்டுடியோவில் சித்தப்பா வழக்கம்போல், "டீ சொல்லட்டுமா சகலை?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டார். கடைசியில் அப்பா என் பக்கம் திரும்பி, "நான் பட்டன் அமுக்குறவன்தானேம்மா. அமுக்கினாத்தான் எனக்குப் பேச்சு வரும்," என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். இல்லை. அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு அப்பாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், எழுந்து, கனத்த கதவுகள் இரண்டையும் தள்ளித் திறந்து, பாடும் அறைக்குள் போய், மைக் முன்னால் நின்று, "டீ சொல்லட்டுமா சகலை?" என்று கேட்க வேண்டும். அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பட்டனை அமுக்கி, "சர்க்கரை கம்மியா," என்பார். சித்தப்பா மறுபடி இரண்டு கதவையும் திறந்துகொண்டு வெளியே வருவார். ஒரு மாதத்தில் அவருக்கு நாலு கிலோ குறைந்தது.

வீட்டில் பட்டன் இல்லை. அதனால் பேச்சும் இல்லை. "மோட்டார் போடணும்னு உங்க அத்தான்கிட்ட சொல்லு," என்று சித்தப்பா சித்தியிடம் சொல்வார். சித்தி மாடியில் இருந்து அம்மாவிடம் சொல்வாள். அம்மா அப்பாவிடம் சொல்வாள். அப்பாவுக்கு முதலிலேயே மாடியில் சொன்னது கேட்டிருக்கும். ஆனாலும் அம்மா வந்து சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார். "நாங்க ரெண்டு பேரும் என்ன டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சா?" என்று சித்தி ஒரு நாள் கத்தினாள். அதையும் அம்மாதான் அப்பாவிடம் கொண்டு போய்ச் சேர்த்தாள்.

சித்தப்பா மன்னிப்புக் கேட்காமல் இல்லை. மைக் முன்னால் நின்று கேட்டார். "கேட்டுச்சு," என்று பட்டன் வழியாகப் பதில் வந்தது, அவ்வளவுதான். பத்திரிகைக்கு நீளமான கடிதம் எழுதினார். அப்பாவின் உழைப்பு, காது, பொறுமை எல்லாம் பற்றி மூன்று பக்கம். அடுத்த வாரம் ஒரு மூலையில் திருத்தம் வெளியானது: 'சென்ற இதழ்ப் பேட்டியில் "பட்டனை" என்று இருந்ததை "பட்டன்களை" என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.'

ஐந்து மாதம் இப்படியே போனது. அப்புறம் சித்தப்பாவின் தொண்டை கட்டியது. இருமல் மருந்து, வெந்நீர் என்று எதற்கும் மசியவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பேசிப் பேசியே குரல்நாணில் ஒரு சின்னச் சதை வளர்ந்திருக்கிறது என்றார். பயப்பட ஒன்றுமில்லை, சின்ன அறுவை சிகிச்சைதான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. சிரிக்கவும் கூடாது.

"கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்துல இன்னைக்குத்தான் எங்க வீட்டுக் கடிகாரம் ஓடுற சத்தத்தைக் கேட்டேன்க்கா," என்று சித்தி அம்மாவிடம் சொன்னாள். குரலில் கவலைதான் அதிகம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

சிக்கல் என் டைரியில் இருந்தது. கண்டக்டர் அக்காவின் இரண்டாவது தொகுப்பை அந்த வாரம்தான் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு டிப்போவில் லீவ் கிடைத்ததே பெரும்பாடு, தள்ளிப்போட முடியாது.

"நான் பாத்துக்கிறேன்," என்றார் அப்பா.

"பாடுறவங்ககிட்ட பேசணுமே. என்ன பேசுவீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"உள்ளதைச் சொல்லுவேன்."

"அதைத்தான் கேட்டேன்," என்றாள் அம்மா.

முதல் நாள் காலை கண்டக்டர் அக்கா பாடி முடித்ததும் அப்பா பட்டனை அமுக்கினார்.

"மேடம், நாலாவது வரியில ஒரு மயிரிழை கீழ இருக்கீங்க. ஏழாவது வரியில மூச்சு கேக்குது. ஒன்பதாவதுல உங்க வாட்ச் ஓடுது."

அவர் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடினார்.

"இப்ப செருப்பு."

செருப்பைக் கழற்றினார். பாடினார்.

"இப்ப வயிறு."

"என்ன சார்?"

"உங்க வயிறு. ரெண்டாவது சரணத்துல. காலையில சாப்பிடலையா?"

கண்டக்டர் அக்காவின் முகம் சிவந்து போனது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பாடினார். இந்த முறை சுருதி சரி, மூச்சு சரி, தாளம் சரி. பஸ் நேர அட்டவணையை வாசிப்பது மாதிரி இருந்தது. மறுநாளும் அப்படித்தான். எல்லோரும் போன பிறகு அப்பா அதைத் திரும்பப் போட்டுக் கேட்டார். சாவுச் செய்தி சொல்லும் குரலில் என்னிடம், "எல்லாம் சரியா இருக்கும்மா," என்றார்.

மூன்றாவது நாள் முற்பகல், ஒரு வரியை ஒன்பதாவது தடவை பாடி நிறுத்தியதும் கண்டக்டர் அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி மைக்கின் மேல் மாட்டினார்.

"சார், பத்தொன்பது வருஷமா பஸ்ல கத்துறேன். அத்தனை கூட்டத்துல ஒருத்தர்கூட என் வயித்தைக் கேட்டதில்ல. இங்க நான் வாயைத் திறந்தாலே குத்தம் செஞ்ச மாதிரி இருக்கு. நான் டியூட்டிக்கே போறேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்தது. ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை.

"இன்னும் போகலப்பா," என்றேன்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு பதிவின் நடுவில் அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. விறுவிறுவென்று வீட்டை நோக்கி நடந்தார். நாலு தெருதான். நானும் பின்னாலேயே ஓடினேன். எங்கள் கதவைத் தாண்டி, ஐந்து மாதமாகக் கால் வைக்காத மாடிப்படியில் ஏறினார். சித்தி வீட்டு வாசலில் நின்று ஒரு நொடி யோசித்தார். பிறகு அழைப்புமணிப் பட்டனை அமுக்கி, கையை எடுக்காமல், "சகலை," என்றார்.

அவர் கணக்குப்படி வைராக்கியம் பங்கமாகவில்லை.

கதவைத் திறந்த சித்தப்பா, கழுத்தில் மஃப்ளரும் கையில் நோட்டுப் புத்தகமுமாக நின்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலிலேயே அப்பா நடந்ததைச் சொன்னார். வாட்ச், செருப்பு, வயிறு, ஒன்றையும் மறைக்கவில்லை. சித்தி உள்ளிருந்து வந்து, "அத்தான், முதல்ல அந்தக் கையை எடுங்க, காது போகுது," என்று அவர் விரலைப் பிடித்து நகர்த்தினாள்.

சித்தப்பா நோட்டில் எழுதிக் காட்டினார்: 'வயித்தையுமா சொன்னீங்க?'

"கேட்டுச்சே," என்றார் அப்பா.

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

பஸ் நிறுத்தத்தில் கண்டக்டர் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து நோட்டை நீட்டினார். அதில், 'பேசக் கூடாதுன்னு எனக்கு டாக்டர் சொல்லியிருக்கார். பாடக் கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?' என்று இருந்தது. அவர் படித்துவிட்டு, எதிர்ப்பக்கம் ஸ்டுடியோ வாசலில் தப்பு செய்த பையன் மாதிரி நின்ற அப்பாவைக் கையால் காட்டினார். சித்தப்பா அடுத்த பக்கத்தில் எழுதினார்: 'அவர் என்கிட்டயே அஞ்சு மாசமா பேசல. உங்ககிட்ட மூணு நாளா பேசியிருக்கார். நீங்க அதிர்ஷ்டசாலி.'

ஒரு பஸ் வந்து கதவைத் திறந்து காத்திருந்தது. அதிலிருந்த டிரைவர் தெரிந்தவர்போல, "ஏறலையா?" என்று கேட்டார். "நீ போ," என்று கை காட்டிவிட்டுக் கண்டக்டர் அக்கா எழுந்தார்.

சித்தப்பா தன் பழைய நாற்காலியில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வராத நாட்களில் அதன் மேல் நான் பழைய டைரிகளை அடுக்கி வைத்திருந்தேன். அள்ளித் தரையில் போட்டேன். ஏற்பாடு எளிமையானது. சித்தப்பா எழுதுவார். அப்பா பட்டனை அமுக்கி அதைப் படிப்பார்.

எளிமையாகத்தான் தோன்றியது. ஆனால் அப்பா இதற்கு முன் அடுத்தவர் மனம் குளிரும்படி ஒரு வாக்கியம் சொன்னவர் இல்லை. பதற்றத்தில் விரல் பட்டனை விட்டு எழ மறுத்தது. கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிக்கும் குரலில் தொடங்கினார்:

"தங்கச்சி, நீங்க பாடும்போது கூட்டத்துல யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்கு. அடைப்புக்குறிக்குள்ள, இந்த இடத்துல லேசா சிரிங்க சகலை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்டக்டர் அக்கா திரும்பிப் பார்த்தார். "சார்?"

சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டு அவசரமாக எழுதினார்.

"அடைப்புக்குறியில இருக்கிறதைப் படிக்காதீங்க," என்று அப்பா படித்தார்.

சித்தப்பா மறுபடி எழுதினார். பேனா தாளைக் கிழித்தது.

"இது உங்களுக்கு. அவங்களுக்கு இல்ல. ரெண்டு ஆச்சரியக்குறி," என்றார் அப்பா. அப்புறம் தாளைக் கூர்ந்து பார்த்து, "மூணு," என்று திருத்தினார்.

கண்டக்டர் அக்கா மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெடித்து வந்தது. பஸ்ஸின் கடைசி சீட் வரை போகிற சிரிப்பு. சித்தப்பா சிரிக்கக்கூடாதே என்று மஃப்ளரை வாயில் திணித்துக்கொண்டு மேசை மேல் கவிழ்ந்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பா மட்டும் என்ன நடந்தது என்று புரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அடுத்த பக்கத்தைப் படிக்கத் தயாராக விரலைப் பட்டன் மேலேயே வைத்திருந்தார்.

"சார், பாட்டைப் போடுங்க," என்றார் கண்டக்டர் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்பவே போடுங்க."

சோகப் பாட்டு அது. வெளியூரில் வேலைக்குப் போன மகன் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வராமல் இருக்கிறான். அவன் துணிகளை வாராவாரம் வெயிலில் போட்டு மடித்து வைக்கிறாள் ஒருத்தி. சிரித்து ஓய்ந்த தொண்டையோடு அவர் அதைப் பாடினார். முந்தைய இரண்டு நாளும் குத்துக்கல் மாதிரி நின்ற வரிகள் இளகிக்கொண்டு வந்தன. மகனைத் திட்டுவதாக ஒரு வரி வரும். அதில் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது, கொஞ்சம் சிரித்தது. சித்தப்பா மஃப்ளரை வாயில் இருந்து எடுக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்தது. கண்டக்டர் அக்கா எங்களைப் பார்த்தார். அப்பா நோட்டைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. சித்தப்பா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா நோட்டை அவர் பக்கம் தள்ளினார். அவர் திருப்பித் தள்ளினார்.

அப்பா பட்டனை அமுக்கினார். தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், நாலாவது வரியில ஒரு மயிரிழை கீழதான் இருந்துச்சு."

கண்டக்டர் அக்காவின் முகம் இறுகியது. எனக்கு அப்பாவின் கையைத் தட்டிவிடலாம் போல இருந்தது.

"அது அப்படியே இருக்கட்டும்," என்றார் அப்பா. "அதைச் சரி பண்ணா பாட்டுல வர்ற அந்தம்மா பொய் சொல்ற மாதிரி ஆயிடும். நான் தொட மாட்டேன்."

பட்டனில் இருந்து கையை எடுத்துவிட்டு, சித்தப்பாவின் பக்கம் திரும்பி, எந்தப் பட்டனும் இல்லாமல், "சரிதானே சகலை?" என்று கேட்டார்.

சித்தப்பா தலையாட்டினார். பேச முடியாததால் அதோடு விட்டார். குரல் இருந்திருந்தால் அரை மணி நேரம் பேசி அந்தத் தருணத்தைக் கெடுத்திருப்பார் என்பது அம்மாவின் கருத்து.

இரண்டாவது தொகுப்பு முதலாவது அளவுக்கு ஓடவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். முடிவெட்டும் கடைகளில் கேட்கவில்லை. ஆனால் வெளியூரில் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்கள் கண்டக்டர் அக்காவின் பஸ்ஸைத் தேடிப் பிடித்து ஏறி, டிக்கெட் எடுத்த கையோடு அவர் கையையும் பிடித்துக்கொண்டார்கள். டிப்போவில் அவரைப் பாதி நாள் வேலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது தொகுப்புக்கு வந்தபோது, "பாம்புக்காது சாரே பாக்கட்டும். அவர்கிட்ட ஒளிக்க ஒண்ணுமில்ல, அதனால கூச்சமும் இல்ல," என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு அது கொஞ்சம் வலித்தது. அவருக்குக் குரல் திரும்பியிருந்தது, முன்பைவிடக் கனமாக. அதை வைத்துக்கொண்டு விளம்பரங்களுக்குப் பின்னணி பேசலாமே என்று யாரோ சொல்லி, இப்போது அவர் பேசும்போது அப்பா பதிவு செய்கிறார். "பிரமாதம். இன்னொரு தடவை பாத்துடலாம் சகலை," என்று பட்டனில் சொல்கிறார். பழிவாங்கலா, உண்மையான கருத்தா என்று சித்தப்பாவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்பாவின் பெயருக்கு முன்னால் 'தயாரிப்பு' என்று முதல்முதலாக அச்சானது அவருடைய ஐம்பத்தைந்தாவது வயதில். ஒரு பள்ளிக்கூடத்து நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடிய தொகுப்பு அது. பதிவின் முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் ஒருத்திக்குப் பல் விழுந்து 'ச' வராமல் போனது, இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு ஒருவர் பாடும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டது, அவர்களைச் சமாதானம் செய்ய இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழ முடியாமல் ஆறு பிள்ளைகள் சேர்ந்து தூக்கிவிட்டது, அழுதுகொண்டே பாடியவன்தான் எல்லோரையும்விட நன்றாகப் பாடியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அம்மா வெங்காயத்தையும் கத்தியையும் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அன்றைக்கே கொட்டிவிடுகிறவர்போலப் பேசினார்.

சற்று நேரத்தில் மாடிக் கைப்பிடிச் சுவரில் சித்தியின் தலை தெரிந்தது.

"அக்கா, யாராவது விருந்தாளி வந்திருக்காங்களா? ரொம்ப நேரமா ஒரு ஆம்பளைக் குரல் கேக்குதே!"

"விருந்தாளி இல்லடி," என்று அம்மா அண்ணாந்து பார்த்துச் சொன்னாள். "உங்க அத்தான்தான். சத்தம் போடாதே, நிறுத்திடப் போறார்."